துவைத்த தலையணை உறை

தன் கைக்குட்டையைக்கூட இதுவரை அலசி அறியாத மனுஷன், தலையணை உறையைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தான். வேலைக்குக் கிளம்பியவள் செருப்பை மாட்டியபடியே நின்றுவிட்டாள்.

சலவைக்கடையில் துணியில் பட்ட கறையை எடுப்பதுதான் அவள் வேலை. காப்பியா, துருவா, ரத்தமா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். கூட வேலை செய்கிறவர்களுக்கு அவள் ‘கறையக்கா’. உறையை வெளிச்சத்துக்கு நேரே விரித்துப் பிடித்தாள். சோப்புப் போட்டுக் கசக்கியும் போகாமல், நடுவில் மங்கலாக ஒரு மஞ்சள் வளையம்.

“என்னங்க, இது என்ன கறை?”

உள்ளே அவள் கணவன் தலையில் தொப்பியோடு சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான். “எண்ணெய்தான். நேத்து கொஞ்சம் அதிகமா தேச்சுட்டேன்.”

“எண்ணெய்னா பரவிக்கிட்டே போகும். இப்படி ஓரம் கட்டி நிக்காது.”

“ஆமா தாயே, நீ கறையில டாக்டர் பட்டம் வாங்கினவ! புருஷன் ஒருநாள் துணி துவைச்சா சந்தோஷப்படறதை விட்டுட்டு, குறுக்கு விசாரணை வேற.”

மற்ற நாளாக இருந்தால் சிரித்திருப்பாள்.

போன வருஷம் தச்சுப்பட்டறையில் சாய்த்து வைத்திருந்த பலகைகள் சரிந்து அவன் தலையில் விழுந்தன. வலப்பக்க மண்டையோடு நொறுங்கிப்போயிற்று. சில்லுகளை எடுத்துவிட்டுத் தோலை மட்டும் மூடித் தைத்து அனுப்பினார்கள். குழிந்த அந்த இடத்தில் தோலுக்கடியில் மூளை துடிப்பது தெரியும். கதவு நிலை, தெருவில் பிள்ளைகள் எறியும் பந்து, எல்லாமே அவளுக்கு எமனாகத் தெரிந்த காலம் அது. பிறகு சல்லடை போன்ற டைட்டேனியத் தகடு ஒன்றை மண்டையின் வளைவுக்கு ஏற்ப வளைத்துப் பொடி ஸ்க்ரூக்களால் பொருத்தினார்கள். “இனிமே எவனும் என்னை மரை கழண்டவன்னு சொல்ல முடியாது. டாக்டரே முடுக்கி விட்டிருக்காரு” என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தான்.

வருகிற திங்கட்கிழமை பட்டறைக்குத் திரும்ப வேண்டும். அதற்கு மேல் அவன் இடத்தைக் காலியாக வைத்திருக்க முடியாது என்று முதலாளி கறாராகச் சொல்லியிருந்தார்.

“தொப்பியைக் கழட்டுங்க.”

“உனக்கு நேரமாகலையா?”

“கழட்டுங்கன்னு சொல்றேன்.”

அவன் அசையவில்லை. அவளே கழற்றினாள். முடியை விலக்கியதும் தையல் தழும்பில் ஓரிடம் ஈரமாக இருந்தது. ஊசி நுழைகிற அளவுக்கு ஓட்டை. அதனுள்ளே ஏதோ மினுங்கியது. எலும்பு மினுங்காது.

“எத்தனை நாளா இப்படி?”

“கொஞ்ச நாளா.”

“ஏன் சொல்லலை?”

“சொன்னா கழட்டிருவாங்க!” அவன் குரல் உடைந்தது. “சீழ் பிடிச்சா தகட்டை எடுத்தாகணும்னு டாக்டர் அன்னைக்கே சொன்னாரே, மறந்துட்டியா? மறுபடியும் அந்தக் குழி மண்டையோட மூலையில உட்காரச் சொல்றியா? திங்கக்கிழமை போய் என் பெஞ்சைப் பிடிச்சுக்கறேன். அப்புறம் காட்டலாம். உன் கால்ல வேணும்னாலும் விழறேன்.”

டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். சீழ் உள்ளே இறங்கி மூளையைத் தொட்டால் ஆளே மிஞ்சமாட்டான் என்று. அதை அவன் சொல்லாமல் விட்டது மறதியா? நெற்றியைத் தொட்டாள். கொதித்தது. திங்கட்கிழமைக்காக உளியைக் கையில் எடுத்துத் தீட்டத் தொடங்கிய பிறகுதான் இந்த மனுஷன் வயிறாரச் சாப்பிடுகிறான். அதைப் பறிக்கத் தனக்கு என்ன உரிமை? பறிக்காமல் விட்டால் அவள் என்ன மனைவி? இரண்டுக்கும் பதில் தெரியாமலேயே அவள் போனை எடுத்துப் பட்டறை முதலாளியைக் கூப்பிட்டாள்.

“அண்ணே, அவர் திங்கக்கிழமை வரமாட்டாரு. தலையில வச்ச தகட்டுல சீழ் பிடிச்சிருக்கு.”

அந்தப் பக்கம் பேசியதைக் கேட்டுக்கொண்டு, “சரிண்ணே” என்று வைத்தாள்.

அவன் கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தான். “என் பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டியே.”

“போட்டாச்சு. இனிமே மறைச்சு வைக்க ஒண்ணுமில்லை. எந்திரிங்க, ஆட்டோ கூப்பிடறேன்.”

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்த கையோடு அறுவை அரங்கத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். மூடிய கதவுக்கு வெளியே அவள் நின்றாள். தாமதமாக வந்திருந்தால் என்று நினைத்தாள். ஒருவேளை இதுவே தாமதம்தானோ என்று தோன்றியபோது நினைப்பதையே நிறுத்திக்கொண்டாள்.

டாக்டரம்மா வெளியே வந்தார். “தகட்டை எடுத்துட்டோம். அடியில சீழ் தேங்கியிருந்தது. மூளையை மூடியிருக்கிற சவ்வைத் தாண்டலை. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா...” கையுறையைக் கழற்றினார். “முதல்ல கிருமி முழுசா போகணும். புதுத் தகடு வைக்கறதை ஆறு மாசம் கழிச்சுப் பார்ப்போம்.”

மறுநாள் காலையில் அவன் நன்றாகக் கண் விழித்தான். தலையில் பெரிய கட்டு. சுவரை ஒட்டிய கட்டில். அவள் இடப்பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

“முதலாளி என்ன சொன்னாரு?”

எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. “வேற ஆளைப் போட்டுக்கறேன்னாரு.”

அவன் முகம் இறுகியது. அவளைப் பார்க்கப் பிடிக்காமல் சுவர்ப்பக்கம் புரளப் போனான்.

“அந்தப் பக்கம் திரும்பக்கூடாதுங்க!” என்று ஓடிவந்த நர்ஸ் அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். “அங்க எலும்பு இல்லை. இந்தப் பக்கமாத்தான் படுக்கணும்.”

வேறு வழியில்லாமல் அவன் மனைவியைப் பார்த்தபடி ஒருக்களித்துப் படுத்தான். கண்ணை மட்டும் இறுக மூடிக்கொண்டான்.