உள்முனையில் ஒரு சிவப்பு நூல்

என் பீரோவில் வாயில் என்கிற மெல்லிய பருத்தித் துணியில் ஒரு நீலப் புடவை இருக்கிறது. கட்டி எத்தனையோ வருஷமாயிற்று, மடிப்புகளில் நிறம் வெளுத்துவிட்டது. அதன் உள்முனையில், கட்டும்போது முதலில் இடுப்பில் செருகி மறைத்துவிடுகிறோமே அந்த மூலையில், அரிசிமணி அளவுக்குச் சிவப்பு நூலில் ஒரு தையல் உண்டு. அதைக் கண்ட நாளிலிருந்து எந்தக் கடையில் எந்தப் புடவையைப் பிரித்துப் போட்டாலும் நான் முந்தானையைப் பார்ப்பதில்லை. உள்முனையைத் தேடிப் பிடித்து வெளிச்சத்தில் காட்டிப் பார்ப்பேன். என் மருமகளுக்கு இது பெரிய மானக்கேடு. "அத்தை, புதுப் புடவைதான்" என்று காதருகே முணுமுணுப்பாள். விற்கிறவன் புதிது என்று சொன்னால் நம்பிவிடுவதா? சந்தேகம் என் பிறவிக்குணம், அதனால் நான் அதிகம் கெட்டுப்போனதும் இல்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் விழுப்புரத்தில் குடியிருந்தேன், திண்டிவனத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்தேன். காலை பாசஞ்சரின் பெண்கள் பெட்டியில் தினமும் ஏறக்குறைய அதே முகங்கள்தான். ஆஸ்பத்திரி நர்ஸ், தாலுகா ஆபீஸ் டைப்பிஸ்ட், இரண்டு மூன்று டீச்சர்கள், நடுவில் பேரணி, மயிலம் ஸ்டேஷன்களில் ஏறுகிறவர்கள். எங்கள் பள்ளித் தையல் டீச்சரும் அதில்தான் வருவாள். என்னைவிட ஐந்தாறு வயது இளையவள், கோலியனூர்ப் பக்கத்துக் கிராமம், கிறிஸ்தவக் குடும்பம். சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. அம்மா அடுத்தவர் கொல்லையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கப் போய்த்தான் மிஷன் விடுதியில் இவளைப் படிக்க வைத்தாள். பெட்டியில் இவள் கூஜாவிலிருந்து யாரும் தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டார்கள். ஏன் என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. தாகமே இல்லாததுபோல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். நானும் திரும்பிக்கொண்டவள்தான்.

பள்ளியிலேயே குறைந்த சம்பளம் வாங்கிய அவள் திங்கட்கிழமைதோறும் ஒரு புதுப் புடவையில் வந்தாள். திங்கள், செவ்வாய் அதையே கட்டுவாள். புதன்கிழமை பழைய வெள்ளைக் கைத்தறிக்குத் திரும்பிவிடுவாள். அந்தப் புதுப் புடவை மறுபடி கண்ணில் படவே படாது. இது யார் கண்ணையும் உறுத்தும். கட்டிய புடவைகள் எங்கே போகின்றன? அதைவிட முக்கியம், எங்கிருந்து வருகின்றன? என் சந்தேகத்துக்கு வேறு தீனியும் கிடைத்தது. எஞ்சினிலிருந்து கரிப்பொடி வந்து விழும் என்று ஜன்னல் ஓரத்தில் உட்காரமாட்டாள். வண்டி நிற்கும் இடங்களிலெல்லாம் எழுந்துபோய், ஏறுகிறவர்கள் பார்வையில் படும்படி கதவருகே நிற்பாள். முந்தானையைத் தோளில் ஒழுங்காக விரித்துவிட்டுக்கொள்வாள். பல்லைக் காட்டிப் பேசுகிறவள் அல்ல, இது மட்டும் எதற்கு என்று நினைப்பேன்.

எங்கே எடுத்தது என்று யாராவது கேட்டால் உடனே சொல்லமாட்டாள். ஞாபகமில்லை என்று மழுப்புவாள். மறுநாளும் கேட்டால்தான், வேண்டா வெறுப்பாக, விழுப்புரத்தில் ஒரு ஜவுளிக்கடையின் பெயர் வெளியே வரும். அந்த வாரத்துக்குள் பெட்டியில் இரண்டு பேராவது அதே போலக் கட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். தண்ணீர் வாங்காதவர்கள் புடவையை மட்டும் காப்பியடித்தார்கள். நிறத்துக்குப் பெயர் வைப்பதிலும் கெட்டிக்காரி. ஒருமுறை ஒரு நீல வாயிலில் வந்தாள். மயில் கழுத்து நிறம், ஓரத்தில் பச்சை ஓடும். மயிலத்தில் ஏறிய ஒருத்தி இது என்ன நிறம் என்று கேட்க, "மயிலம் நீலம்" என்றாள் சட்டென்று. மறுநாளே அந்தக் கடை வாசலில் அதே பெயரை எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும்.

அந்த நீலம் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வியாழக்கிழமை காலை ரயிலில், இன்று சாயந்திரம் போய் எடுக்கப்போகிறேன் என்று அவளிடம் சொன்னேன். அவள் முகம் மாறியது.

"கொஞ்சம் பொறுங்க டீச்சர். புதுச் சரக்கு வரட்டும், அப்புறமா எடுக்கலாம்" என்றாள்.

பொறாமை என்று முடிவு கட்டினேன். தனக்கு எடுப்பாக இருந்தது எனக்கும் எடுப்பாக இருந்துவிடக் கூடாதென்று பார்க்கிறாள்! அன்று சாயந்திரமே கடைக்குப் போனேன். முதலாளி தாமே எழுந்து வந்தார். "ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம் இருக்குதும்மா. உங்களுக்கோசரம் எடுத்து வெச்ச மாதிரி இருக்குது" என்று மொரமொரப்பாகக் கஞ்சி போட்டிருந்த ஒரு மடிப்பை எடுத்து நீட்டினார். முழு விலை கொடுத்து வாங்கிவந்தேன். அடுத்த நாள் அதைக் கட்டிக்கொண்டு போனபோது அவள் என் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை அந்தக் கடையின் பின்சந்தில் அவளைப் பார்த்தேன். முதலாளி பின்கதவைத் திறந்துவிட, கையில் துணி மூட்டையோடு வெளியே வந்தாள். ஊர் என்ன நினைக்குமோ அதைத்தான் நானும் நினைத்தேன். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? என்னைப்போல் வேறு யாரோ பார்த்திருக்கிறார்கள். பேச்சு தலைமையாசிரியை அம்மா காதுக்குப் போய்விட்டது. அவர் அவளைக் கூப்பிட்டனுப்பினார், கூடவே ரயிலில் வருகிறவள் என்று என்னையும். கடையின் பின்பக்கம் இவளைப் பார்த்ததுண்டா என்று என்னிடம்தான் முதலில் கேட்டார். பார்த்தேன் என்றேன். இப்படி நடத்தை உள்ளவளைப் பெண்பிள்ளைகள் படிக்கிற இடத்தில் வைத்துக்கொள்ள முடியாது என்றார் அவர். வேலை போனால் வேறு எந்தப் பள்ளியும் அவளைச் சேர்க்காது. அது அந்த அறையிலிருந்த மூவருக்கும் தெரியும்.

அவள் அழவில்லை. "அந்தப் பொடவைங்க என்னுது இல்லீங்கம்மா" என்றாள். "ரெண்டு நாள் கட்டிக்கினு வந்து காட்டுவேன். அப்புறம் தொவச்சு, கஞ்சி போட்டு, தேச்சுத் திருப்பிக் குடுத்துடுவேன். வருசக் கடைசில மொதலாளி ஒரு பழைய தையல் மெஷின் தர்றேன்னு சொல்லியிருக்காரு. அது வந்துட்டா எங்கம்மா கொல்லை வேலைக்குப் போவ வேணாம்."

இப்படிச் செய்வதில் கடைக்காரனுக்கு என்ன லாபம் என்று தலைமையாசிரியை அம்மா நம்பாமல் கேட்டார்.

"கடைல தொங்கற பொடவைல வெலதாங்கம்மா தெரியும். ஆள் மேல பாத்தாத்தான் ஆசை வரும். நாமளா போய்ச் சொன்னா விக்க வந்தவன்னு ஒதுங்குவாங்க. அவங்களா கேட்டுத் தெரிஞ்சிக்கினா ஓடிப்போய் வாங்குவாங்க."

பிறகு அந்தப் புடவைகளை என்ன செய்வார்கள் என்றார் அம்மா. அவள் தலை குனிந்தாள். கட்டியது என்று தெரிய உள்முனையில் சிவப்பு நூல் போட்டுத்தான் கொடுப்பதாகவும், தள்ளி வைத்து விலை குறைத்து விற்கும்படி முதலாளியிடம் சொல்லியிருப்பதாகவும் சொன்னாள். அவர் அப்படிச் செய்கிறாரா என்பது தனக்குத் தெரியாது என்றாள். அப்போது என்னை ஒருமுறை பார்த்தாள். வேலையை எடுக்கவில்லை, இந்தக் கூத்தை மட்டும் இன்றோடு நிறுத்து என்று அம்மா அனுப்பிவிட்டார். நான் வீட்டுக்குப் போய் விளக்கடியில் நீலப் புடவையின் உள்முனையைப் பிரித்தேன். சிவப்பு நூல் இருந்தது. எனக்குக் கோபம் யார் மேல் வந்தது என்று இன்றுவரை சொல்லத் தெரியவில்லை.

அறை வாசலில் நின்ற பள்ளி ஆயாவுக்கும் காது உண்டல்லவா? மறுநாள் காலைக்குள் பெட்டி முழுக்கச் செய்தி பரவிவிட்டது. பெரிய ரகளை ஆகும், கடை வாசலில் போய் மண்ணை வாரித் தூற்றுவார்கள், இவளைப் பெட்டியை விட்டு இறக்குவார்கள் என்று நடுங்கிக்கொண்டே ஏறினேன். ஒரு வார்த்தை இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு விளங்கிற்று. என் புடவையில் நூல் இருந்தது என்று ஒருத்தி வாயைத் திறந்தால், இவள் உடம்பில் கட்டியதை நான் கட்டினேன் என்று அவளே ஒப்புக்கொண்டதாகிவிடும். கூஜாத் தண்ணீருக்கு முகத்தைத் திருப்பியவர்கள் அதை எப்படிச் சொல்வார்கள்? நர்ஸ் டைப்பிஸ்டின் இடுப்பைப் பார்த்தாள், டைப்பிஸ்ட் என் இடுப்பைப் பார்த்தாள். செருகி மறைத்த மூலையில் என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? அவளோ வெள்ளைக் கைத்தறியில், வாழ்க்கையில் முதல்முறையாக ஜன்னல் ஓரத்தில் சாய்ந்து உட்கார்ந்து, கரிப்பொடி மேலே விழ விழ வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள்.

சில வருஷம் கழித்து, தங்கை கல்யாணத்துக்குக் கூப்பிட்டாள் என்று அவள் வீட்டுக்குப் போனேன். வேண்டுமென்றேதான் மயிலம் நீலத்தைக் கட்டிப் போனேன். அவள் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள், குடித்தேன். ஜன்னலோரம் தையல் மெஷின் இருந்தது. வாயை மூடிக்கொண்டிருப்பாள் என்று முதலாளி கொடுத்திருப்பார், சொன்ன வாக்கைக் காப்பாற்றுகிற ஆளா அவர்? ரொம்ப நாளாக உள்ளே அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டேன். பொறுங்கள் என்றாயே, நான் வாங்கக் கூடாதென்று சொன்னாயா, வாங்க வேண்டுமென்று சொன்னாயா?

அவள் சிரித்தாள். "உங்களத் தெரியாதா டீச்சர்? வாங்குங்கன்னா சந்தேகப்படுவீங்க. வேணாம்னா ஓடிப்போய் வாங்குவீங்க."

"அப்படின்னா எதுக்குச் சொன்னே?"

"சொல்லாம இருக்க மனசு கேக்கல."

பாதி நம்பினேன். அவள் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு, நூல் இன்னும் இருந்தால் பிரித்துவிடுகிறேன் என்று கையை நீட்டினாள். நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன். இருக்கட்டும் என்றேன். அந்தக் கடையிலிருந்து என் வீட்டுக்கு வந்ததில் பொய் சொல்லாதது அது ஒன்றுதான்.

போன வாரம் மருமகள் என்னை ஒரு பெரிய கடைக்கு இழுத்துப்போனாள். கண்ணாடிக்குள் நின்ற பொம்மை கட்டியிருந்த புடவையை அவள் கேட்டதும், கடைசிப் பீஸ், உங்களுக்கென்றே இருக்கிறது என்றான் விற்கிற பையன். உள்முனையைத் தேடி எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது, ஒரு நூல் இல்லை. கட்டிக் காட்டிய புடவையென்றால் அந்த உண்மையைச் சொல்லிவைக்க இங்கே யாரும் இல்லை. வேண்டாம் என்று சொல்லி அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.