ஏழு சுற்றிலும் வராத பெயர்

கடைகளுக்கு ஐஸ் இறக்கும் ஓஸெல் பெட்டிக்ரூ, பையைக் கையில் கொண்டுபோய் வைப்பதில்லை. பெட்ரோல் பங்க் வாசலிலுள்ள குளிர்பெட்டிக்கு முதுகைக் காட்டிக் குனிவான். பத்துப் பவுண்டுப் பை அவன் கால்களுக்கு நடுவே பின்னால் பறந்து, திறந்த பெட்டிக்குள் மற்றப் பைகள்மேல் போய் உட்காரும். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். பங்க் நடத்தும் லூலா மே என்பவள், அவன் வந்த முதல் நாள், "பை கிழிஞ்சா நீதான் பொறுப்பு" என்று அதட்டினாள். ஐந்து மாதமாகிறது, ஒன்றுகூடக் கிழியவில்லை. இப்போது பெட்ரோல் போட வருகிறவர்களை நிறுத்திவைத்து அவளே வேடிக்கை காட்டுகிறாள்.

ஓஸெலுக்கு வயது இருபத்திரண்டு. ஆறடி மூன்று அங்குலம், முந்நூறு பவுண்டு. கதவுகளுக்குள் பக்கவாட்டில்தான் நுழைவான். அந்த உடம்புக்குள்ளிருந்து வருவது என்னவோ மெல்லிய கீச்சுக்குரல். ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பாடகர் வரிசையில் ஒல்லிப் பையன்களுக்கு நடுவே நின்று, கண்ணை மூடிக்கொண்டு உருகுவான். சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்க வேண்டும். கேட்டால் கண் கலங்கிவிடும், அது வேறு விஷயம்.

கையால் ஆடும் எங்கள் அமெரிக்க ஃபுட்பாலில் ஒவ்வொரு முறையும் பந்து, நடுவில் குனிந்திருக்கும் ஒருவன் கையிலிருந்துதான் கிளம்பும். பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் அனுப்பிய மறுநொடி, எதிரே பாய்ந்து வருகிறவனை மார்பால் தாங்க வேண்டும். சரியாகச் செய்தால் யாரும் பெயர் சொல்ல மாட்டார்கள், ஒருமுறை கை நழுவினால் மிசிசிப்பி மாநிலம் முழுக்கச் சொல்லும். கல்லூரிக்காக மூன்று வருடம் அந்த இடத்தில் ஆடியவன் ஓஸெல். அவன் பெயரை யாரும் சொன்னதில்லை. "என் பேரு உங்களுக்குத் தெரியலேன்னா, நான் வேலையை ஒழுங்கா செஞ்சிருக்கேன்னு அர்த்தம்" என்பான்.

கல்லூரியில் நான்கு வருடம் ஆடலாம். ஒரு வருடம் மிச்சமிருக்கும்போதே, போன ஜனவரியில், தொழில்முறை அணிகள் ஆளெடுக்கும் தேர்வுக்குப் பெயர் கொடுத்தான். ஆலோசகராக இருந்து காகிதங்களைப் படித்துச் சொன்னவர் அவன் அம்மாவின் அண்ணன் கிளியோஃபஸ். உரக்கடை வைத்திருக்கிறார், சபையில் போதகருக்கு அடுத்த டீக்கன் பதவி. எங்கள் ஊரில் நல்ல செய்தி முதலில் சபைக்குத்தான் போகும். அந்த ஞாயிறு போதகர், ஓஸெலை முன்னே அழைத்துத் தேர்வுக்குப் போவதைச் சாட்சியாகச் சொல்லவைத்தார். எழுந்து வந்தவர்களெல்லாம் அவன் தோளிலும் முதுகிலும் கை வைத்து ஜெபித்தார்கள்.

புதன்கிழமை அவனுக்குக் கலக்கம் வந்தது. இந்த வருடம் அவன் ஆடும் இடத்துக்கு அணிகள் ஆள் தேடவில்லை என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பெயரைத் திரும்பப் பெற வெள்ளிக்கிழமை வரை நேரம் இருந்தது. போனை எடுத்தான், எண்ணை அழுத்தினான், வைத்துவிட்டான். எங்கள் ஊரில் நிச்சயதார்த்தத்தை முறித்தவர்கள் உண்டு. சபை முன்னால் சாட்சி சொன்னதை முறித்தவர்கள் கிடையாது.

ஏப்ரலில் தேர்வு மூன்று நாள் நடந்தது. அவன் அம்மா வர்னீட்டாவின் வீட்டில் உட்கார இடமில்லாத கூட்டம். அணிகள் பெயர் அறிவிக்கும் ஏழு சுற்றும் முடிந்தன, அவன் பெயர் வரவில்லை. வர்னீட்டா கத்தியை எடுத்துக் கேரமல் கேக்கை வெட்டினாள். "கேக் என்ன பாவம் பண்ணுச்சு? தட்டை நீட்டுங்க" என்று ஒவ்வொருவருக்கும் நிமிர்ந்த தலையோடு பரிமாறினாள். அந்த வீட்டுப் பிள்ளை அவன்.

தேர்வுக்குப் போனவன் தேர்வாகாவிட்டாலும் கல்லூரி அணியின் கதவு மறுபடி திறக்காது என்பது கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் விதி. அதை மாற்றலாமா என்ற பேச்சு இந்த வருடம் எழுந்தபோது, முடிதிருத்தும் கடை இரண்டு கட்சியாகப் பிரிந்தது. கடைக்காரர் ஹோரேஸ், கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டே, "பஸ்ஸை விட்டு நீயா எறங்கிட்டு, எறங்கலேன்னு வச்சுக்கோங்கன்னா எப்படிடா? உன் சீட்ல இன்னொருத்தன் உக்காந்தாச்சே" என்றார். நியாயமான கேள்விதான். நாற்காலியில் பாதி முடி வெட்டிய தலையோடு இருந்த ஓஸெல் சொன்னான்: "வேலை கேட்டுப் போனேன், இல்லேன்னாங்க. அதுக்காகப் படிச்சிட்டிருக்கற எடத்தை விட்டுத் துரத்துவாங்களா? சீட்டு எனக்கு வேணாம். பஸ்ல ஏற விடுங்க, சீட்டை நான் மோதி வாங்கிக்கறேன்."

அக்டோபரில் சங்கத்தின் குழு ஜாக்சன் நகரில் கூடி, இப்படிப்பட்ட ஆட்டக்காரர்களை விசாரித்தது. ஓஸெலுக்கு ஒரு தனி வழியும் இருந்தது. ஆலோசகர் ஏமாற்றியதாக நிரூபித்தால், அந்த ஒருவனுக்கு மட்டும் விலக்கு கிடைக்கும். அவனுக்காக வாதாட வந்த வக்கீலம்மா திருமதி டிப்ஸ் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: கடைசித் தேதியை மாமா என்னிடம் சொல்லவில்லை. அதில் கையெழுத்துப் போட்டால் அடுத்த பருவம் அவன் மைதானத்தில் நிற்பான்.

முதல் ஆளாகச் சம்மதித்தவர் கிளியோஃபஸ்தான். "என் தலைல போட்டுடுப்பா. டீக்கன் பதவி போகும், ஊரு நாலு வார்த்தை பேசும். நான் தாங்கிக்குவேன்" என்றார். தேதியை அவர் ஒரு தடவையல்ல, மூன்று தடவை சொல்லியிருந்தார். ஜாக்சன் வரை ஓஸெல்தான் வண்டியை ஓட்டினான்.

மேசைக்குப் பின்னால் ஐந்து பேர். தலைவர் நேராகவே கேட்டார்: கடைசித் தேதி உனக்குத் தெரியாமல் மறைக்கப்பட்டதா? உட்கார்ந்தே பேசலாம் என்றார்கள். ஓஸெல் எழுந்து நின்றான்.

"யாரும் மறைக்கல, சார். வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் இருந்துச்சு, எனக்கு நல்லாத் தெரியும். சபை முன்னால சொன்னதைத் திருப்பி வாங்க வெக்கமா இருந்துச்சு. முடிவு என்னோடது, மாமாவை இதுல இழுக்காதீங்க. ஆனா ஒண்ணு. யாரும் என்னை எடுக்கலங்கறது நான் செஞ்ச குத்தமா? அந்த நாலாவது வருஷத்தை நான் இன்னும் ஆடல. அது என்னோடது."

திருமதி டிப்ஸ் பேனாவை மூடிவிட்டார். கடைசி வரிசையில் கிளியோஃபஸ் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்றிலிருந்து எங்கள் ஊரில் இதைச் சொல்லாத வாயில்லை. பெருமைதான், அதை ஏன் ஒளிக்க வேண்டும்?

தனி விலக்கு இனி இல்லை என்றார் தலைவர். விதியை எல்லோருக்குமாக மாற்றுவதா என்ற வாக்கெடுப்பு ஜனவரியில் நடக்கும், இந்த வாக்குமூலமும் அதோடு வைக்கப்படும். எழுத்தர் அந்த வாக்குமூலத்தை அச்சடித்த தாளை நீட்டினாள். ஓஸெல் முழுப்பெயரையும் எழுதினான். பந்திலும் தொப்பியிலும் அணியோடு சேர்ந்து ரசிகர்களுக்கு மூன்று வருடம் கையெழுத்துப் போட்ட பழக்கம், பெயருக்குக் கீழே தன் சட்டை எண்ணையும் போட்டுவிட்டான்: 61.

எழுத்தர் தயங்கினாள். "தம்பி, அந்த நம்பர் இப்ப வேற ஒருத்தர்கிட்ட இருக்கு. அதை அடிச்சிடுங்க, பேரு மட்டும் போதும்" என்று பேனாவைத் திரும்பக் கொடுத்தாள்.

ஓஸெல் பேனாவை வாங்கினான். ஆறின்மேல் ஒருமுறை, ஒன்றின்மேல் ஒருமுறை, இன்னும் கறுப்பாக அழுத்தி எழுதி, தாளை அவள் பக்கம் நகர்த்தினான்.