பாலைக் குடிக்காதே

“நீ எழுதுனா அவ படிப்பாளாடி?” என்று அம்மா கேட்டாள். அவள் என்றது, சாயங்காலம் ஐந்தரை மணித் தொடரில் வரும் மருமகளை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பன்னிரண்டாம் வகுப்பில் தமிழில் முதல் மதிப்பெண் வாங்கிக்கொண்டிருந்தேன். என் எழுத்தை டிவியில் வரும் ஒருத்தி மதிப்பாளா என்று அம்மாவுக்குச் சந்தேகம்.

கடலூர் முதுநகரில் இறால் உரிக்கும் கொட்டகையில் அம்மாவுக்கு வேலை. கொட்டகைக்குப் பக்கத்தில் எங்கள் வீடுதான். அரசாங்கம் கொடுத்த டிவி வந்த பிறகு, வேலை விட்டதும் அங்கிருக்கும் பெண்கள் நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். டீ ஆறிப்போகும். மருமகள் அழுதால் இவர்களும் அழுவார்கள், இறால் நாற்றம் போகாத கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். எனக்கு அருவருப்பாக இருக்கும். அவள் நடிக்கிறாள் என்று அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. நடித்தாலும் குடிப்பது நிஜப் பால்தானே என்பார்கள்.

தொடரில் மருமகளுக்காகக் காய்ச்சிய அந்தப் பாலில் நாத்தனார் விஷம் கலந்திருந்தாள். கலந்து ஒரு வாரமாகியும் டம்ளர் மருமகள் கைக்குப் போய்ச் சேரவில்லை. அம்மாவால் பொறுக்க முடியவில்லை. சொல்லச் சொல்ல எழுதினேன்.

“அந்தப் பால குடிக்காத. உன் நாத்தனா மருந்து கலந்துட்டா. என் கண்ணால பாத்தன்.”

டிவிக்காரர்களுக்கு அனுப்பச் சொன்னாள். நான் அதைப் பள்ளிக்கு எடுத்துப்போய், அம்மாவின் குரலிலேயே தோழிகளுக்குப் படித்துக் காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தபால் பெட்டியில் போடவே இல்லை.

மறுவாரம் மருமகள் பாலை முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே கொட்டினாள். எங்கள் வீட்டில் பெண்கள் எழுந்தே நின்றுவிட்டார்கள். ஒருத்தி அம்மாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அன்று முதல் கொட்டகையில் மின்விசிறிக்குக் கீழே இருக்கும் இடம் அம்மாவுக்கு. மேஸ்திரி உட்பட யாரும் அவளை அதட்டுவதில்லை.

அடுத்த மாதம் அம்மாவின் தம்பி, நெல்லிக்குப்பத்தில் கரும்பு டிராக்டர் ஓட்டும் மாமா, என்னைப் பெண் கேட்டுத் தட்டோடு வந்தார். என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவர். பரீட்சை முடிந்ததும் கல்யாணம் என்றார். அப்பா இல்லாத வீடு. தம்பி சொல்லை அம்மா தட்டியதில்லை. சிதம்பரத்தில் கல்லூரியில் சேர்கிறேன் என்று மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் அவள் காதில் விழாதது போல இருந்தாள்.

ஒரு இன்லேண்டு லெட்டர் வாங்கினேன். கையெழுத்தை மாற்ற வேண்டிய தேவையே இல்லை. அந்தத் தெருவில் என் கையெழுத்துக்கும் அச்செழுத்துக்கும் வித்தியாசம் தெரிந்தவர் எவருமில்லை.

இரண்டு நாள் கழித்து மதியத் தபாலில் வந்த அந்தக் கடிதத்தை அம்மா நான் வரும்வரை மடியில் செருகி வைத்திருந்தாள். எட்டுப் பெண்கள் முன்னால் நானே படித்தேன். அக்கா, உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் பாலைக் கொட்டினேன், இந்த உயிர் உங்களுடையது, சின்ன வயதில் கட்டிக்கொடுத்ததால்தான் எனக்கு இந்தக் கதி, உங்கள் மகளைப் படிக்க வையுங்கள்.

அம்மா தட்டைத் திருப்பி அனுப்பினாள். வாசலில் நின்று வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டுப் போன மாமா, பிறகு எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. அம்மாவுக்கு வேறு உடன்பிறப்பு கிடையாது.

சிதம்பரத்தில் இரண்டு வருடம் முடிந்தது. மூன்றாம் வருட விடுதி விண்ணப்பத்தில் அம்மாவின் கைநாட்டு வாங்குவதற்காக ஊருக்கு வந்தேன். வீடு கழுவி விட்டிருந்தது. அம்மா ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பெண்கள். முந்தின நாள் தொடரில் மருமகள் செத்துப்போயிருந்தாள். அம்மா வேலைக்குப் போகவில்லை, அடுப்பு மூட்டவில்லை, பெற்ற மகளே போனதுபோலத் தலைமுழுகியிருந்தாள்.

“பைய அங்கயே வச்சிட்டு நீயும் தலமுழுவிட்டு வா. அவ இல்லன்னா உனக்கு ஏது காலேஜு?”

இரண்டு வருடமாகத் தெருவில் எல்லோரும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் வாங்கிய மார்க்குக்கு யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றியது.

“அவ பேருல வந்த கடுதாசிய எழுதுனது நான்தாம்மா,” என்றேன்.

ஒருத்தி மெதுவாகக் கேட்டாள். “அப்ப பாலு?”

“அம்மா எழுதச் சொன்னத நான் போஸ்டே பண்ணல.”

கேட்டவள்தான் முதலில் சிரித்தாள். முந்தானையால் வாயைப் பொத்தியும் அடக்க முடியவில்லை. ஒவ்வொருத்தியாகச் சிரித்தார்கள். அம்மாவின் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டவளும் சிரித்தாள். மறுநாளிலிருந்து கொட்டகையில் அம்மாவின் பெயர் பாலக்கா என்றும், மின்விசிறிக்குக் கீழே வேறு ஒருத்தி உட்கார்ந்தாள் என்றும் பின்னால் கேள்விப்பட்டேன்.

சிரிப்பு அடங்கும்வரை அம்மா காத்திருந்தாள்.

“நீ கேட்டன்னு உன்ன அனுப்பல. அவ கேட்டான்னு அனுப்புனன். என் தம்பி இன்னும் ஒண்டியாத்தான் இருக்கான். இன்னைக்கே ஆள் அனுப்பறன். நீ உள்ள போ.”

நான் உள்ளே போகவில்லை. பையை எடுத்துக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினேன். இறங்கியதும் ஒரு ஸ்டாம்ப் பேடு வாங்கி, அம்மாவின் பெயருக்கு நேராக என் இடது கைப் பெருவிரலை உருட்டி வைத்தேன். மை காய்வதற்குள் விண்ணப்பத்தை வார்டனிடம் கொடுத்துவிட்டேன்.