அரூரிலிருந்து சேலம்: ஊசி போடாமல் திரும்பிய பயணம்

ஊர் சுற்றியே எழுதிப் பழகிய எனக்கு இந்த மார்ச்சில் வாய்த்தது மருத்துவமனைப் பயணம். அண்ணன் லூர்துசாமிக்கு நுரையீரல் புற்றுநோய். கட்டி இருக்கும் இடத்தில் அறுவை செய்ய முடியாது என்று கீமோவும் கதிர்வீச்சும் சேர்த்துக் கொடுத்தார்கள். கட்டி சுருங்கியது. அது மறுபடி வளராமலிருக்க, நான்கு வாரத்துக்கு ஒருமுறை சேலத்தில் இம்யூனோதெரபி ஊசி, ஓராண்டுக்கு. வழக்கமாக அண்ணிதான் கூடப் போவார். வீட்டில் புளியை அடித்துக் கொட்டை நீக்கும் வேலை குவிந்துகிடந்ததால் பெங்களூரிலிருந்து நான் வந்தேன்.

அரூரில் காலை ஆறரைக்குப் பேருந்து. மஞ்சவாடி கணவாய் வழியாகச் சுமார் அறுபது கிலோமீட்டர், இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கணவாய் ஏறும்போது அண்ணன் துண்டை வாயில் பொத்தி இருமினார்.

“எப்பருந்துண்ணா இது?”

“புளித் தூசி பாப்பா. ஊர்ல எல்லாருந்தான் இருமுறாங்க.”

அது உண்மைதான். ஆனால் கதிர்வீச்சுக்குப் பிறகு அண்ணி அவரைப் புளி பக்கமே விடுவதில்லை. அது நினைவுக்கு வந்ததும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சேலத்தில் ஆட்டோவுக்கு நூற்றிருபது ரூபாய். “வேகமா போங்க” என்று நான் நச்சரித்ததில் ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.

“சீட்டுல முள்ளா இருக்குதுங்கக்கா? ஒம்போதுக்கு முன்ன உள்ள விடமாட்டாங்க.”

ஊசிக்கு முன் நர்ஸ் கேட்டார்: “புதுசா இருமல், மூச்சு வாங்கறது ஏதாச்சும் இருக்குதுங்களா?”

“ஒண்ணுமில்லீங்க, நல்லாயிருக்கறேன்” என்றார் அண்ணன்.

“பொய்ங்க. வழி நெடுக இருமிட்டே வந்தாரு” என்றேன். அண்ணன் என்னை முறைத்த முறைப்பு இருக்கிறதே!

உடனே ஸ்கேன் எடுத்தார்கள். அது முடிவதற்குள் அந்த வராந்தாவை எத்தனை முறை அளந்திருப்பேனோ. நுரையீரலில் அழற்சி என்றார் டாக்டர். இந்த மருந்து தூண்டிவிடும் எதிர்ப்புச் சக்தி சில சமயம் நுரையீரலையே தாக்குமாம். இன்று ஊசி கிடையாது, ஸ்டீராய்டு மாத்திரை. சரியானால் மறுபடி தொடங்குவதா என்று பார்க்கலாம். மறைத்து ஊசி போட்டிருந்தால் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும் என்றார். “ஏன் சொல்லல?” என்று அண்ணனைக் கேட்டார்.

“நோன்பு இருக்கக் கூடாதுன்னீங்க, கறிய விடக் கூடாதுன்னீங்க. ஈஸ்டர் வரைக்கும் தவக்காலமுங்க, நானும் எதையாச்சும் விடணுமில்லீங்களா? ஒடம்பப் பத்திக் கொற சொல்றத விட்டுட்டேனுங்க.”

எனக்குக் கோபத்தில் அழுகையே வந்துவிட்டது.

இதே சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு: புதிதாக இருமலோ மூச்சுத்திணறலோ வந்தால் ஊசித் தேதிவரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். ஸ்டீராய்டை நீங்களாகத் தொடங்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். நோயாளி “நல்லாயிருக்கறேன்” என்றால், கூடப் போகிறவரையும் ஒரு வார்த்தை கேட்கும்படி நர்ஸிடம் சொல்லுங்கள்.

திரும்பும் பேருந்தில் அண்ணன் வாயே திறக்கவில்லை. “வாய்ல கொழுக்கட்டையா? கொற சொல்லுங்கண்ணா, கேக்கறேன்” என்றேன்.

“ஆண்டவருக்குக் குடுத்த வாக்கு பாப்பா.”

“அவருக்கு நான் பதில் சொல்லிக்கறேன்.”

பிறகு சீட்டு ஆடுகிறது என்றார். வெயில் முகத்தில் அடிக்கிறது, ஆஸ்பத்திரி காப்பி வாயில் வைக்க முடியவில்லை என்றார். கணவாய் தாண்டியதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ராத்திரியில படுத்தா பயமா இருக்குது பாப்பா.”

“எனக்குந்தாண்ணா” என்றேன்.