சந்தக்பூ போகிற வழியில் ஓர் ஆடு

நடப்பதற்காகவே நடக்கிற மனிதனை நான் அதுவரை பார்த்ததில்லை. எங்கள் பக்கத்தில் பழனிக்கு நடப்பார்கள், வேளாங்கண்ணிக்கு நடப்பார்கள், பஸ்ஸைத் தவறவிட்டால் வத்தலக்குண்டுக்கும் நடப்பார்கள். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருக்கும். என் அண்ணன் ஒருத்தன்தான் பள்ளிக்கூடம் லீவு விட்டால் போதும், முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு, போய்ச் சேருகிற இடத்தில் ஒரு வேலையும் இல்லாமல், இமயமலை மேல் நாள் கணக்கில் நடந்துவிட்டு வருவான். ஐம்பதுகளின் கடைசியில் ஓர் ஐப்பசி மாதம் அவனோடு நானும் நடந்தேன். ஆசைப்பட்டு இல்லை.

அவனை வீட்டுக்குக் கூட்டிவரத்தான் போனேன். அண்ணன் டார்ஜிலிங்கில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தான். திண்டுக்கல்லை விட்டுப் போய் ஐந்தாறு வருஷம் ஆகியும் ஒரு தடவைகூட வரவில்லை. காரணம் அப்பா. அண்ணன் கைக்குழந்தையாக இருந்தபோது விஷக்காய்ச்சல் வந்து, வைத்தியர் கையை விரித்துவிட்டாராம். அப்பா மாதா சிலை வைத்த கெபி முன்னால் முழங்கால் போட்டு, பிள்ளை பிழைத்தால் சாமியாராக்கிக் கோயிலுக்கே கொடுத்துவிடுகிறேன் என்று நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தது. சொன்ன சொல் தவறாமல் அப்பா அவனைக் குருமடத்தில் சேர்த்தார். குருப்பட்டம் வாங்க இன்னும் கொஞ்ச காலமே இருக்கும்போது அண்ணன் பெட்டியோடு வீட்டு வாசலில் வந்து நின்றான். கேட்டதற்கு, "எனக்கு வரலப்பா" என்றான். வேறு எந்தத் தப்பும் அவன் பண்ணவில்லை. அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவர்தான் அப்பா. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனால் தெருவே திரும்பிப் பார்க்கும். எத்தனை நாள் தாங்குவான்? வடக்கே போகிற ரயிலில் ஏறிவிட்டான்.

அந்த வருஷம் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போயிற்று. "அவன ஒரு தடவ என் கண்ணுல காட்டிரு அப்பு. அம்புட்டுத்தான் கேக்குறேன்" என்றாள். அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என்னைக் கிளப்பிவிட்டாள். நான் அப்பாவின் புகையிலைக் கிட்டங்கியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மதுரையைத் தாண்டி ஊர் பார்க்காதவன். மதராஸ், கல்கத்தா, கங்கையைக் கடக்க ஒரு ஸ்டீமர், அப்புறம் ஆள் இறங்கித் தள்ளிவிடலாம் போன்ற ஒரு குட்டி ரயில் என்று மாறி மாறி ஏறி, இடுப்பு கழன்று போய்ச் சேர்ந்தேன்.

அண்ணன் என்னைக் கட்டிக்கொண்டான். அம்மா கொடுத்துவிட்ட பருப்புப் பொடியைத் திறந்து மோந்து பார்த்துக்கொண்டே இருந்தான். வந்த விஷயத்தைச் சொன்னதும் மூடியைப் போட்டு இறுக்கிவிட்டான்.

"நாளையிலேர்ந்து லீவு. சந்தக்பூ வரைக்கும் நடக்கப் போறேன். பேசணும்னா கூட வா" என்றான்.

"அங்க என்னண்ணே இருக்கு?"

"மலை இருக்கு."

"இப்ப நாம நிக்கிறது என்ன, வைகை ஆத்து மணலா?"

அண்ணன் ஒரு ஜோடி கம்பளிக் காலுறையை எடுத்து என் மடியில் போட்டான்.

முதல் நாள் போகிற வழியிலேயே ஒரு பெரிய புத்த மடாலயம். உள்ளே இருட்டில், ஆளைவிடப் பல மடங்கு உயரத்தில் புத்தர் உட்கார்ந்திருந்தார். வரிசையாக வெண்ணெய் விளக்குகள் எரிந்தன. அந்த வாசனை முதலில் குமட்டியது, செத்த நேரத்தில் பழகிவிட்டது. மெரூன் நிறத்தில் சுற்றிக்கொண்ட சாமியார்கள் அடித்தொண்டையில் ஓதிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் கடைசித் தூண் ஓரமாகக் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டான். எழுந்திருக்கிற வழியாகத் தெரியவில்லை. சாமியார் படிப்பை விட்டதற்கே இந்தப் பாடு, இவன் மதமும் மாறிவிட்டான் என்றால் அம்மாவிடம் நான் எந்த முகத்தோடு போய்ச் சொல்வேன்?

வெளியே வந்ததும் நேராகவே கேட்டேன். "மாறிட்டியா?"

"இல்லலே. ஞாயித்துக்கெழம பூசைக்குப் போயிட்டுத்தான் இருக்கேன். இங்க வந்து சும்மா உக்காந்துக்குவேன். இவுக என்னை ஒண்ணும் கேக்க மாட்டாக."

வாசலில் பொடியன்களாக இருந்த சாமியார்கள் சிலர் கோலி விளையாடிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். "வீட்டுக்கு ஒருத்தன்னு கொண்டாந்து விட்டுருக்காக. இவனுகள்ல எவனையாச்சும் கேட்டுருப்பாகளா?" என்றான். அதற்குப் பிறகு அன்றைக்கு முழுக்க வாய் திறக்கவில்லை. பேசுவதற்குக் கூட்டிவந்த லட்சணம் அது.

அடுத்தடுத்த நாள்கள் ஏற்றம்தான். ஒரு திருப்பத்தில் ஏறி நின்று, அப்பாடா என்று மூச்சு விட்டால் அதற்கு மேல் இன்னொரு திருப்பம் இருக்கும். சிறுமலையில் விறகுக்கு ஏறினவன் என்று எனக்குள் கொஞ்சம் திமிர் இருந்தது, அது முதல் மைலிலேயே இறங்கிவிட்டது. திண்டுக்கல்லில் தைத்த என் தோல் செருப்பு ஈரத்தில் ஊறி நனைந்த அப்பளமாக நைந்துபோக, ஒரு கிராமத்துக் கடையில் பூட்ஸ் வாங்கிப் போட்டுக்கொண்டேன். எங்கே பார்த்தாலும் மேகம். இவன் சொன்ன மலையைத் தவிர மற்ற எல்லாம் தெரிந்தது. அண்ணனோ முன்னால் போய்க்கொண்டே இருந்தான். வீட்டுப் பேச்சை எடுத்தால் "ஏத்தத்துல பேசாத, மூச்சு வாங்கும்" என்பான். இறக்கத்தில் எடுத்தால் "காலப் பாத்து வை" என்பான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, மத்தியானத்திலேயே பனி மூடி வழி தெரியாமல் போய்விட்டது. மேட்டின் மேல் சின்னதாக ஒரு மடம் இருந்தது, அங்கே ஒதுங்கினோம். வயதான ஒரே ஒரு சாமியார். சிரித்த முகம். வெண்ணெயும் உப்பும் போட்ட தேத்தண்ணீர் கொடுத்தார். அண்ணன் அவரிடம் நேபாளியில் பேசிவிட்டு, கீழே இருந்த வீடுகளில் உருளைக்கிழங்கு வாங்கி வருகிறேன் என்று இறங்கிப் போனான்.

அப்போதுதான் முற்றத்தில் அந்த ஆட்டைப் பார்த்தேன். நல்ல கொழுத்த கிடா. காதில் ஓட்டை போட்டுச் சிவப்புத் துணி கோத்துக் கட்டியிருந்தது. கயிறு கிடையாது. மடத்துப் படியில் ஏறி நின்று மந்திரம் எழுதிக் கட்டியிருந்த கொடித்துணியைக் கடித்துக்கொண்டிருந்தது, சாமியார் ஒரு அதட்டல்கூடப் போடவில்லை. எனக்கு நம்மூருக்கே திரும்பி வந்த மாதிரி இருந்தது. எங்கள் தெருக் கோயில் திருவிழாவுக்கும் இப்படித்தான். புனிதருக்கு நேர்ந்துவிட்ட கிடாவுக்கு அடையாளத்துக்கு ஒரு துணி கட்டி அவிழ்த்துவிடுவார்கள். அது எந்தக் கடையில் வாய் வைத்தாலும் யாரும் விரட்ட மாட்டார்கள். திருவிழா வந்தால் அத்தனை கிடாவும் அண்டாவுக்குப் போகும். ஊருக்கே கறிச்சோறு, எங்கள் தெரு, பாய்மார் தெரு என்று எல்லோருக்கும் உண்டு. அந்தச் சோற்றின் வாசனை அந்தக் குளிரில் எனக்கு மூக்கில் ஏறிவிட்டது. உருளைக்கிழங்கும் தண்ணீர்ப் பருப்புமாகத் தின்று நாக்கு செத்துப்போயிருந்த நேரம்.

சாமியாரைப் பார்த்துச் சிரித்தேன். அவரும் சிரித்தார். நான் ஆட்டின் பக்கத்தில் போய், ஊரில் செய்வதுபோல் முதுகைத் தடவி, இடுப்பை அமுக்கிச் சதைப்பிடிப்பைப் பார்த்தேன். நல்ல கனம். சாமியாருக்குச் சந்தோஷம், தலையை ஆட்டினார். திருவிழா என்றைக்கு என்று தெரிந்துகொள்ள ஆசை. பாஷை தெரியாதே. அதனால் ஆட்டைக் காட்டினேன், விரலால் என் கழுத்தில் ஓர் இழுப்பு இழுத்தேன், எப்போது என்று கையை விரித்தேன். புரியாமல் போய்விடக் கூடாதே என்று, சோற்றை அள்ளித் தின்பதுபோலவும் செய்து காட்டி வயிற்றைத் தடவிக்கொண்டேன்.

அந்தப் பெரியவரின் முகம் போன போக்கு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. பாய்ந்து வந்து ஆட்டைக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்தார். அந்த வயதில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ, ஆட்டைத் தூக்காத குறையாக உள்ளே இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். நான் முற்றத்தில் தனியாக நின்றேன். நேரத்துக்கு முன்னால் திருவிழாவைப் பற்றிப் பேசக் கூடாது போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

அண்ணன் உருளைக்கிழங்கோடு வந்தான். கதவிடுக்கு வழியாகச் சாமியார் படபடவென்று கொட்டித் தீர்த்தார். கேட்கக் கேட்க அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். கிழங்கெல்லாம் உருண்டு ஓட, படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நான் அங்கே போய் அவன் சிரித்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"ஏலே, இங்க காதுல துணி கட்டுனா அத யாரும் தொடக் கூடாதுன்னு அர்த்தம். வீட்டுல யாருக்காச்சும் சீக்குன்னா, கசாப்புக்குப் போற ஆட்ட வாங்கி இப்புடிக் கட்டி அவுத்து விட்டுருவாக. அந்தப் புண்ணியத்துல சீக்காளி பொழைப்பான்னு நம்பிக்க. ஆடு வயசாகித் தானாத்தான் சாகணும். மேயலாம், எங்கயும் போகலாம், எப்ப வேணும்னாலும் வரலாம். யாரும் ஒண்ணும் கேக்கக் கூடாது."

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவன் சிரிப்பு நின்றுவிட்டது. "எனக்குச் சீக்கு வந்தப்ப எங் காதுல அப்பா கட்டுனது நம்மூருத் துணிடா" என்றான்.

பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். அண்ணன் எடுத்துச் சொன்ன பிறகு கதவு திறந்தது. சாமியார் என் கையில் ஒரு கிழங்கைக் கொடுத்து, ஆட்டுக்கு ஊட்டு என்று சைகை காட்டினார். ஊட்டினேன். நான் ஊட்டி முடிக்கும்வரை ஆட்டின் கழுத்திலிருந்து அவர் கையை எடுக்கவில்லை.

மறுநாள் வழி முழுக்க அண்ணன் பேசினான். ஏற்றத்திலும் பேசினான், இறக்கத்திலும் பேசினான். குருமடத்தைப் பற்றி, அங்கே தூக்கம் வராமல் கிடந்ததைப் பற்றி, அப்பாவை ஏமாற்றிவிட்டோம் என்று இன்னமும் நெஞ்சில் குத்துவதைப் பற்றியெல்லாம் சொன்னான். இத்தனை நாள் அவனைப் பிடிவாதக்காரன் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். அவன் பயந்துபோய் இருந்தான், அதுதான் உண்மை. அம்மாவைப் பார்க்க அவனுக்கும் ஆசைதான்.

"ஆனா வந்தா என்ன நடக்கும்? அப்பா கோயில் சாமியாரக் கூட்டி வச்சு, திரும்பக் குருமடத்துல போய்ச் சேருன்னுவாரு. மாட்டேன்னா அம்மா அழுவா. அம்மா அழுதா நான் போயிருவேன்டா, அதான் பயம். திரும்பி இங்க வந்துரலாம்னு தெரிஞ்சா நாளைக்கே வாரேன்."

சந்தக்பூவில் விடியற்காலையில் மேகம் விலகியது. அத்தனை நாளும் ஒளிந்திருந்த மலைகள் மொத்தமாக எதிரே நின்றன. கஞ்சன்ஜங்காவின் மேல் வெயில் பட்டு, ரோஸ் நிறம் மஞ்சளாகி, மஞ்சள் வெள்ளையானது. நான் சிலுவை போட்டுக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, குளிர் என்று சொல்லிச் சமாளித்தேன். இதைப் பார்க்க இவன் நடந்ததில் தப்பே இல்லை என்று மனசாரத் தோன்றியது. அண்ணனை வா என்று அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை. தனியாகத்தான் ஊருக்குத் திரும்பினேன்.

கிட்டங்கியில் அப்பா புகையிலையைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். நான் எங்கே போயிருந்தேன் என்று அவருக்குத் தெரியும். கேட்கவில்லை. நான் பாட்டுக்கு எதிரே உட்கார்ந்து பிரித்துக்கொண்டே ஆட்டுக் கதையைச் சொன்னேன். கழுத்தில் விரலை இழுத்துக் காட்டியதையும் விடவில்லை. அவர் சிரிக்கவில்லை. நிமிரவும் இல்லை. பிறகு ஒரு இலையைக் கையில் வைத்துக்கொண்டே, "அது கோயிலுக்கு விட்டதுதான?" என்றார்.

"ஆமப்பா."

"கோயில்லயேதான் கெடக்கணும்னு இல்லயா?"

"இல்லயாம். அதுக்குத் தோணுனா வரும், தோணுனாப் போகும்."

"அதுக்காகச் சாமி கோவிச்சுக்கிறாதா?"

"அந்தச் சாமியாரு சிரிச்ச மொகமாத்தாம்ப்பா இருந்தாரு."

அப்பா இலையை ஒழுங்காக அடுக்கி வைத்தார். நல்ல இலைக் கட்டில் போடவேண்டியதைக் கழிவுக் கட்டில் வைத்தார். நான் எடுத்து மாற்றினேன்.

நாலைந்து நாள் கழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார். "உங்கண்ணனுக்கு எழுது. வந்துட்டுப் போகச் சொல்லு." அந்த வாரம்தான் எழுந்து நடமாட ஆரம்பித்திருந்த அம்மா வெஞ்சனக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். நான் அவர் சொன்னதை ஓர் எழுத்துக் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே எழுதிப் போட்டேன்.

மலைப் பள்ளிக்கூடங்களுக்குக் குளிர்காலத்தில்தான் பெரிய லீவு. கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு முன்னால் அண்ணன் வந்து இறங்கினான். அம்மா வாசலிலேயே அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்றாள். அப்பா உள்ளே நாற்காலியில் இருந்தார். அண்ணன் போய் முன்னால் நின்றான். அவர் அவன் நெற்றியில் சிலுவை வரைந்தார். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. எந்த நிமிஷம் அந்தப் பேச்சு வரும் என்று அவன் காத்திருப்பது எனக்குத் தெரிந்தது.

அப்பா தொண்டையைச் செருமினார். "திரும்ப எப்பப் போகணும்?" என்றார்.

அம்மாவுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "வந்து கால் கழுவுன ஈரம் காயல, பிள்ளையப் பாத்துக் கேக்குற கேள்வியா இது?" என்று பொரிந்தாள். எங்கள் ஊரில் வீட்டுக்கு வந்தவர்களிடம் யாரும் கேட்காத கேள்விதான் அது. ஆனால் அண்ணன் தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தான். கண் நிறைந்துவிட்டது.

"மாசி பொறந்து போகணும்ப்பா."

"சரி. போறதுக்கு முன்னாடி சொல்லு. ஸ்டேஷனுக்கு நானும் வாரேன்."

அண்ணன் ஒரு வாய் சோறு உருட்டிச் சாப்பிட்டான். அடுத்த வாயும் சாப்பிட்டான். பிறகு தட்டை அம்மா பக்கம் நகர்த்தி, இன்னும் கொஞ்சம் போடச் சொன்னான்.