கதவைத் திறக்காதவர்கள்

பேய்ப்படம் பார்ப்பதற்கு உகந்த நேரம் பிற்பகல் இரண்டு மணி. இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். யுத்த காலத்து மட்டக்களப்பில் பொழுதுபட்டபின் யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை. ஆகவே ஐப்பசி மழை தொடங்கியதும், சனிக்கிழமைகளில், சோறு தின்ற கையோடு யன்னல்களுக்குப் பெட்சீற் கட்டி, பகலை இரவாக்கிக்கொண்டு பார்ப்போம். நாங்கள் என்றால் அக்கா, அத்தான், நான், காத்தான்குடியில் சிடிக்கடை வைத்திருந்த என் கூட்டாளி. வெள்ளைக்காரர்கள் இந்த மாதத்தில்தான் பேய்ப்படம் பார்ப்பார்கள் என்று எங்கோ கேள்விப்பட்டு, அவன்தான் சிடிகளைச் சைக்கிளில் கொண்டுவருவான். நாலரை மணிக்கு, பேய் செத்தாலும் சாகாவிட்டாலும், எழும்பிவிடுவான். சோதனைச் சாவடிகளைத் தாண்டி இருட்டுமுன் வீடு சேரவேண்டும். முடிவு தெரியாத படங்கள் எனக்கு நிறைய உண்டு.

எங்கள் வீடு அமிர்தகழிப் பக்கம், வாவிக் கரையில். மீன் வாசத்துக்கு வந்து தங்கிவிட்ட பூனைகள் மூன்று. பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் மேற்பக்கம் சூடாக இருக்கும் என்பதால், மழை நாட்களில் ஏதாவதொன்று அங்கே படுத்து வாலைத் திரைக்கு முன்னால் தொங்கவிட்டிருக்கும். அந்தக் காலத்தில் நான் பார்த்த எல்லாப் பேய்களுக்கும் வால் இருந்தது.

கிழமை நாட்களில் பட்டணத்து வகுப்பொன்றில் தட்டச்சுப் பழக்கினேன். மிச்ச நேரத்தில் கொம்பியூட்டர் கேம் செய்தேன். கேம் டெவலப்பர் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். சாவடியில் அதை விளங்கப்படுத்தும் அளவுக்கு எனக்குச் சிங்களமும் வராது, துணிவும் கிடையாது. "மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு நல்ல பிள்ளைபோல் நடப்பேன். கரண்ட் எப்போது போகும் என்று தெரியாததால் நாலு வரி எழுதினால் ஒருமுறை சேமிப்பேன். ஒருநாள் தாய்ப்பூனை விசைப்பலகையின் மேல் நடந்துபோனது. இரண்டு நாளாக ஓடாமல் கிடந்த புரோகிராம் அதன்பிறகு ஓடியது. பூனை எதை மாற்றியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த இடத்தில் நான் கைவைக்கவில்லை.

கொழும்பில் ஒரு சின்ன நிறுவனம், பயமூட்டும் கேம் ஒன்றின் மாதிரியை அனுப்பச் சொன்னது. பிடித்தால் வேலை. அதுவும் வீட்டிலிருந்தே. திங்கட்கிழமை அவர்கள் கையில் இருக்கவேண்டும். ஞாயிறு விடியக் கூட்டாளி கடைக்குச் சரக்கெடுக்கக் கொழும்புக்குப் போகிறான். ஆகவே சனி நாலரைக்குள் நான் சிடியைக் கொடுத்தாக வேண்டும். தவறினால் ஆயுளுக்கும் தட்டச்சுத்தான்.

கேம் இதுதான்: ஒரு பெண், ஒரு வீடு, ஒரு விளக்கு. வெளியே காலடிச் சத்தம் கேட்கும். கதவு தட்டப்படும். அவள் திறந்தால் பேய் நிற்கும், கதை தொடங்கும். அந்தச் சனிக்கிழமை படத்தை விட்டுவிட்டு மூன்று பேரையும் விளையாட இருத்தினேன்.

முதலில் அக்கா. காலடிச் சத்தம் கேட்டதும் விளக்கை அணைத்தா. கதவு தட்டப்பட்டது. அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தா.

"திறங்கக்கா."

"ஆரெண்டு தெரியாம எப்பிடிடா திறக்கிற?"

"இது கேம்."

"கேமெண்டாலும் வீடு வீடுதானே. நீ சும்மா இரு. அவன் தட்டிப் பாத்திட்டுப் போயிருவான்."

பத்து நிமிடம் தட்டியது பேய். பிறகு அத்தான் உட்கார்ந்தார். பெண்ணைக் கட்டிலுக்குக் கீழே கொண்டுபோய்ப் படுக்கவைத்துவிட்டு, "பறையாத, வெளியில கேக்கும்" என்று என்னிடம் கிசுகிசுத்தார். கூட்டாளி இன்னும் கெட்டிக்காரன். "மச்சான், பின்கதவு எங்கடா?" என்று கேட்டு, நான் கட்டாத பின்கதவைத் தேடிச் சுவரில் முட்டிக்கொண்டே இருந்தான்.

எனக்குக் கோபம் வந்தது. "படத்தில அந்தப் பொட்டை திறக்கிறாள்தானே?"

"அவளுக்குச் சொல்லிக்குடுக்க ஆக்கள் இல்ல, பாவம்" என்றா அக்கா.

தட்டுகிற சத்தத்தை மெதுவாக்கினேன். "இது இன்னும் மோசம்" என்றார் அத்தான். பெயர் சொல்லிக் கூப்பிட வைக்கலாமா என்று கேட்டேன். மூன்று பேரும் என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். இரவில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கூட்டிப்போனவர்கள் திரும்பி வராத ஊர் அது. அந்த யோசனையை நானே விழுங்கிக்கொண்டேன். வருடக்கணக்காக அந்த ஊரில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்த நான், எங்கோ தூரதேசத்துப் பெண்ணுக்கான கதவைச் செய்து வைத்திருந்தேன். சோதித்துப் பார்த்தபோது நான் திறந்தது, பேய் நின்ற இடம் எனக்குத் தெரிந்ததால் மட்டுமே.

மணி இரண்டரை. மழை கொட்டியது. அக்கா மறுபடி விளையாட உட்கார்ந்து மறுபடி விளக்கை அணைத்தா. அப்போது உண்மையான குசினிக் கதவுக்கு வெளியே தாய்ப்பூனை கத்தியது. அக்கா எழும்பிப்போய்க் கொண்டியைத் தள்ளி, கதவை அகலத் திறந்தா. காற்றும் தூவானமும் என் மேசை வரைக்கும் வந்தன.

"இப்ப மட்டும் ஏன் திறந்தீங்க?"

"அது பிள்ளைத்தாச்சிடா. நனைய விடச் சொல்றியா?"

நான் ஒலிவாங்கியைத் தூக்கிக்கொண்டு பூனைக்குப் பின்னால் ஓடினேன். அதுவரை ஊரைக் கூப்பிட்ட பூனை, ஒலிவாங்கியைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டு பெரிய மனுசியாகிவிட்டது. வேறு வழியில்லாமல் நானே கத்திப் பதிவு செய்தேன். கேட்டுவிட்டு, "தம்பிக்குத் தடிமன் போல, மூக்கடைச்சிருக்கு" என்றார் அத்தான். கடைசியில் அக்கா இராச்சாப்பாட்டு மீனை எடுத்து வெட்டத் தொடங்கினா. பூனை அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டது. அது பதிவாகியது. கூடவே மீன் வெட்டும் சத்தமும் பதிவாகியது. அதை அழிக்க எனக்கு நேரமுமில்லை, தெரியவுமில்லை.

மூன்றேமுக்காலுக்கு அக்கா விளையாடினா. காலடி, விளக்கு அணைந்தது, தட்டல், அமைதி. பிறகு பூனைக் குரல். அக்காவின் விரல் தானாகவே போய்க் கதவைத் திறந்தது. பேய் நின்றது. நான் வெற்றியில் மேசையைத் தட்டினேன். அக்கா பயப்படவே இல்லை. திரையில் பேயின் காலடியில் தேடினா.

"பூனை எங்க?"

"பூனை இல்லக்கா. சத்தம் மட்டுந்தான்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்த விதம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. "பூனையெண்டுதானே திறந்த நான்? இப்பிடி ஏமாத்தினா மறுகா ஆருக்கும் திறக்க மாட்டன்."

அந்த ஊரில் ஒருவர் ஒரு கதவைத் திறப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியாதா? உட்கார்ந்து திரையில் பூனைப் படமொன்று கீறத் தொடங்கினேன். முதல் பூனை கீரியாக வந்தது. இரண்டாவது, அத்தான் சொன்னபடி, தலையணை. நாலரையாகியது. கூட்டாளி வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மச்சான், இருட்டுது. உம்மா வாசல்லயே நிப்பா."

"நீ போடா. அது சரிவராது."

அவன் வானத்தைப் பார்த்தான். சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே வந்து, "காலைக் கொஞ்சம் கட்டையாக் கீறு" என்றான். எத்தனை படத்தைப் பாதியில் விட்டுப் போனவன்; அன்று மட்டும் போகவில்லை. பேயின் காலுக்கிடையால் நனைந்த பூனையொன்று நுழைந்து உள்ளே வந்தபோது மணி ஐந்து. சிடியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மழைக்குள் மிதித்துப் போனான். வீடு சேர்ந்துவிட்டதாக அவன் தொலைபேசியில் சொல்லும்வரை நாங்கள் மூவரும் சாப்பிட உட்காரவில்லை.

வியாழக்கிழமை கொழும்பிலிருந்து அழைத்தார்கள். பேய் சுமார் என்றார் மேலாளர். விளக்கை அணைத்துவிட்டுச் சும்மா இருக்கவும் முடிகிறதே, அந்தப் பூனை வந்ததும் எங்கள் ஆட்கள் எல்லாரும் மூச்சு விட்டார்களே, அதை எப்படி யோசித்தீர்கள் என்று கேட்டார். நான் யோசிக்கவில்லை என்ற உண்மையைச் சொல்லிவிட்டேன். அப்படியென்றால் உங்கள் குழுவில் எத்தனை பேர் என்றார்.

"ஐந்து பேர், சேர். ஒருவர் பிரசவ லீவில்."

வேலை கிடைத்தது. அக்காவிடம் சொன்னேன். அவ கேட்ட முதற் கேள்வி, கொழும்புக்குப் போறியா என்பது. இல்லை, இந்த மேசையில்தான் என்றேன். சரி என்று சொல்லிவிட்டு, இனித் தூவானம் படக்கூடாதென்று மேசையை யன்னலிலிருந்து தள்ளிப் போடுவதற்கு அத்தானைக் கூப்பிட்டா. அத்தான் ஒரு பக்கம் பிடித்தார், நான் மறுபக்கம் பிடித்தேன். அக்கா கொம்பியூட்டரைக் குழந்தையைப்போல இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, நாங்கள் மேசையை வைத்து முடிக்கும்வரை நின்றுகொண்டிருந்தா.