மரண அறிவித்தலில் பஃபலோ

மேசையில் இருந்தவர்கள்: அண்ணி, செத்துப்போன என் அண்ணையின் மனைவி. அவவின் மகள், மடிக்கணினியோடு. மகளின் புருஷன், சூரிச்சில் வங்கி வேலை, வீட்டுக்குள்ளும் சேட்டுக் கொலர் கசங்காத ஆள். என் மனைவியின் தம்பி, எனக்கு மச்சான், டாவோசில் ஒரு ஹோட்டலில் பத்தொன்பது வருஷம் கோப்பை கழுவியவர். பிறகு நான். டீட்டிகோனில் பொதி பிரிக்கிற வேலை. அண்ணையும் இருந்தார், சட்டம் போட்ட படத்தில். அவர் மட்டும்தான் வாய் திறக்கவில்லை. உயிரோடு இருந்திருந்தால் அது நடந்திராது.

பாடன் என்ற சுவிஸ் ஊரில் அவர்களுடைய குசினி, அடுப்புக்குப் பக்கத்து மேசை. திங்கட்கிழமை மத்தியானம். அண்ணை ஞாயிறு காலமை ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினார். வெள்ளிக்கிழமை எரிப்பு. நகரசபையில் காகிதம் எல்லாம் குடுத்தாயிற்று. பெட்டியும் தெரிவு செய்தாயிற்று.

அண்ணிக்கு ஒன்றுதான் வேண்டியிருந்தது. மூத்த மகன் அமெரிக்காவிலிருந்து வந்து தகப்பனுக்குக் கொள்ளி வைக்க வேண்டும். தகப்பனோடு அவன் ஆறு வருஷமாகக் கதைப்பதில்லை. அவனுடைய தங்கச்சி, இந்த மகள், ஃபோன் எடுத்துச் சொன்னபோது "சரி" என்றானாம். வைத்துவிட்டானாம். வருவானோ மாட்டானோ ஒருவருக்கும் தெரியாது. வராவிட்டால் மருமகன்தான் கொள்ளிக்கு. அவருக்கு வேட்டி கட்டத் தெரியாது. முதல்நாள் பெல்ட் போட்டுப் பழகிப் பார்த்தார். அதைப் பார்த்த பிறகு நானும் மூத்தவன் வரவேண்டும் என்று நினைத்தேன்.

மிச்சம் இருந்தது மரண அறிவித்தல். ஊரைவிட்டு வந்த எங்கட சனத்துக்கு அது பெரிய விஷயம். செத்தவரைப் பற்றி இரண்டு வரி. மற்றதெல்லாம் உயிரோடு இருக்கிறவர்கள். பெயர், பக்கத்தில் அடைப்புக்குறி, அதற்குள் ஊர். வாசிக்கிறவர்கள் பெயரை வாசிப்பதில்லை. ஊரைத்தான் பார்ப்பார்கள். கனடா எத்தனை, லண்டன் எத்தனை என்று எண்ணிவிட்டு, "நல்லா வாழ்ந்த மனுசன்" என்பார்கள். நானும் அப்படித்தான் வாசிக்கிறது.

"சித்தப்பா, பெறாமக்களை என்ன ஒழுங்கில போடுறது?" என்று மகள் கேட்டாள்.

அண்ணைக்கு அமெரிக்காவில் மூன்று பெறாமக்கள், எங்கட சகோதரங்களின் பிள்ளைகள். லொஸ் ஏஞ்சல்ஸ், ஹூஸ்டன், சிக்காகோ.

"வயசுப்படி போடு பிள்ளை," என்றேன்.

"வயசு ஆருக்குத் தெரியும்? பெரிய ஊர் முதல் வரட்டும்," என்றார் மச்சான்.

அதோடு தொடங்கியது. மச்சான் ஒருதரம் ஒன்பது நாள் அமெரிக்கா போனவர். பஸ்ஸில் இருந்து யன்னலால் பார்த்தார். அன்றிலிருந்து அமெரிக்கா அவருடைய காணி.

"லொஸ் ஏஞ்சல்ஸ்தான் முதல். அந்த ஊர்ப் படம் பாக்காத ஒருத்தனைக் காட்டுங்கோ பாப்பம்."

"படம் வேற, பொருளாதாரம் வேற மாமா," என்றார் மருமகன். "காலமை நாங்கள் வேலைக்குப் போனவுடனே நியூயோர்க் பங்குச்சந்தையைத்தான் பாக்கிறது. மற்ற ஊரெல்லாம் பிறகுதான்."

"நியூயோர்க்காரரை எனக்குச் சொல்லாதையும் தம்பி. டாவோசில பெரிய மாநாடு நடக்கிற கிழமை அவையின்ரை கோப்பை முழுக்க நான் கழுவினது. முப்பது மீன் போகும். முப்பதும் திரும்பி வரும். கதைப்பினம், தின்னாயினம். ஹூஸ்டன் எண்ணெய்க்காரர் அப்பிடியில்லை. எலும்பு மட்டும்தான் வரும். கழுவ லேசு."

"கோப்பையில ஊர் எழுதியிருந்ததோ?"

"மேசை நம்பர் இருந்தது. பரிமாறுற பெடியள் சொல்லுவாங்கள்."

"அப்ப ஹூஸ்டனோ லொஸ் ஏஞ்சல்ஸோ? ஒண்டைச் சொல்லுங்கோ."

"கலைக்கு லொஸ் ஏஞ்சல்ஸ். சாப்பாட்டுக்கு ஹூஸ்டன்."

நான் சும்மா இருந்திருக்கலாம். "மெம்பிஸ்," என்றேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அதென்ன, மருந்தோ?" என்றார் மச்சான்.

"ஊர். அமெரிக்காப் பொதி கனக்க அதுக்குள்ளாலதான் வருது. லேபிளில பாக்கிறனான். அந்த ஊர் ஒருநாள் படுத்தால் உங்கட லொஸ் ஏஞ்சல்ஸுக்குச் சப்பாத்தும் போகாது."

"மாமா, அது ஸ்டோர். ஊரில்லை," என்றார் மருமகன்.

"பாட்டுக்கும் பேர்போன ஊராம்," என்றேன். வேலையில் என்னோடு நிற்கிற சுவிஸ்காரன் சொன்னது. அதற்கும் சிரித்தார்கள்.

அண்ணை செத்து ஒன்றரை நாள். அவருடைய குசினியில் இருந்துகொண்டு நாங்கள் அமெரிக்காவைப் பங்கு பிரித்துக்கொண்டிருந்தோம். கடைசியில் மகள் அகர வரிசையில் அடித்தாள். சிக்காகோவுக்காக ஒருத்தரும் ஒரு சொல்லுச் சொல்லவில்லை. அது முதலாவதாக வந்தது.

பிறகு அவள் கேட்டாள்: "அண்ணாவுக்கு என்ன ஊர்?"

மச்சான் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் எடுத்தார்.

மூத்தவன் இருப்பது பஃபலோவில். மாரியில் தெருவில் பனி தள்ளுகிற லொறி ஓட்டுகிறான். கோடையில் தார் போடுகிறான். அண்ணை அதை ஒருநாளும் வெளியில் சொன்னதில்லை. யார் கேட்டாலும் "மூத்தவன் நியூயோர்க்" என்பார். ஆறு வருஷத்துக்கு முன்னம் இந்த மகளின் கலியாணத்தில் மைக்கை வாங்கி, "நியூயோர்க்கிலிருந்து வந்திருக்கும் எனது மூத்த மகன்" என்றார். சனம் கை தட்டியது. அவன் மைக்கை வாங்கினான். "நான் பஃபலோ. பனி தள்ளுறன்," என்றான். அதற்குக் கூடக் கை தட்டினார்கள். கார் நிறுத்துகிற இடத்தில் இரண்டு பேரும் முட்டிக்கொண்டார்கள். "சபையில என்னை வெட்கப்படுத்திப்போட்டாய்," என்றார் அண்ணை. "என்ரை ஊரைச் சொல்ல உங்களுக்கு வெட்கமெண்டால் என்னையும் சொல்லாதேங்கோ," என்றான் அவன். நான் பக்கத்தில் காரைப் பூட்டுகிற திறப்போடு நின்றேன்.

"நியூயோர்க் எண்டே போடலாம்," என்றார் மருமகன். "பஃபலோ நியூயோர்க் மாநிலத்துக்குள்ளதான். பொய்யில்லை."

"போடும் போடும்," என்றார் மச்சான். "பஃபலோவெண்டால் என்ன? எல்லை தாண்டிக் கனடாவுக்கு அகதியாய்ப் போறதுக்கு எங்கட சனம் இறங்கி நிண்டு மூத்திரம் பெய்த இடம். அதைப்போய் அறிவித்தலில போடுறதோ? நியூயோர்க் முதல் வரியில நிண்டால் எடுப்பாயிருக்கும்."

"தம்பி, நீ என்ன சொல்லுறாய்?" அண்ணி என்னைக் கேட்டா.

"அண்ணை அப்பிடித்தான் சொல்லுறவர்," என்றேன். "நியூயோர்க் எண்டு போடுவம். அவரின்ரை அறிவித்தல்தானே."

அண்ணி படத்தைப் பார்க்கவில்லை. மகளின் பக்கம் திரும்பினா.

"பஃபலோ எண்டு போடு பிள்ளை."

"மாமி, பஃபலோவை ஆருக்குத் தெரியும்?" என்றார் மருமகன்.

"அவனுக்குத் தெரியும்."

மச்சான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். "நீர் தேத்தண்ணியைக் குடியும்," என்றா அண்ணி. குடித்தார்.

மூன்று மணிக்கு அறிவித்தல் இணையத்தில் போனது. மூத்த மகன், பஃபலோ. முதல் வரி.

செவ்வாய்க்கிழமை ஃபோன் அடித்தபடி. கவலை சொல்லிவிட்டு எல்லோரும் ஒன்றைத்தான் கேட்டார்கள். பஃபலோ எங்க இருக்குது? ஒருத்தர் ஆபிரிக்காவோ என்றார். ஒரு மனுசி, "மூத்தவர் நியூயோர்க் எண்டெல்லோ அவர் சொன்னவர், வேலை போயிட்டுதோ?" என்றா. அண்ணி ஒவ்வொருவருக்கும் ஒரே மறுமொழி சொன்னா. "அங்கதான் இருக்கிறவன். பனி தள்ளுறவன்." பத்தாவது ஆளுக்கு மேல் அவவின் குரல் கொஞ்சம் உயர்ந்துகொண்டு போனது.

அவனிடமிருந்து ஒன்றும் வரவில்லை. புதன்கிழமை மருமகன் திரும்பவும் பெல்ட்டை எடுத்தார்.

புதன் பின்னேரம் தங்கச்சியின் ஃபோனுக்கு ஒரு விமான நம்பர் வந்தது. வேறு ஒரு சொல்லும் இல்லை. அண்ணி நம்பரை வாங்கிப் பார்த்தா. பிறகு போய் அரிசி ஊறப்போட்டா.

வியாழன் காலமை க்ளோட்டன் விமான நிலையத்துக்கு நான் போனேன். மெலிந்திருந்தான். தாடி. கையில் ஒரு பை. காருக்குள் ஏறிப் பையை மடியில் வைத்துக்கொண்டான்.

"சித்தப்பா, பஃபலோ எண்டு போட்டது ஆர்?"

"கொம்மா."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"நான் நியூயோர்க் எண்டு போடச் சொன்னனான்."

திரும்பி என்னைப் பார்த்தான். சிரித்தான். தகப்பன் சிரிக்கிற மாதிரியே மூக்கால்.

"இந்தத் தெருவில பனி தள்ளினவனுக்கு வேலை தெரியாது," என்றான், தெருவோரத்துப் பனியைப் பார்த்துக்கொண்டு. பாடன் வரும்வரைக்கும் அதைப்பற்றியே கதைத்தான்.

வெள்ளிக்கிழமை கொள்ளி அவன்தான் வைத்தான். வேட்டி மருமகனுடையது. ஐயர் ஒவ்வொன்றையும் இரண்டுதரம் சொன்னார், அவன் ஒவ்வொன்றையும் ஒருதரம் செய்தான். அழவில்லை. பெட்டி உள்ளே போன பிறகும் கொஞ்ச நேரம் நின்றான். மச்சான் அவனிடம் போய், பஃபலோ பொருளாதாரம் எப்படி என்று கேட்டார். "பனி கொட்டினால் நல்லம்," என்றான்.

ஐந்து நாள் லீவு என்றுதான் வந்தவன். தாயோடு நின்றது பதினேழு நாள்.